அலுவலகச் சுவருக்கு வந்த கட்டடங்கள்

நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத்தில் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமை அலுவலகத்துக்கான கோபுரத்தைக் கட்டி முடித்த ஆண்டு 1909. ஐம்பது மாடி, 700 அடி. அன்றைக்கு உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். பாலிசிக் கணக்குகளையும் பிரீமியம் பேரேடுகளையும் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்களின் தலைக்கு மேலே, ஒரு குளிர்காலத்தில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் என்ற இளைஞர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அங்கிருந்து கீழே பார்த்தால் சதுக்கத்துப் பூங்கா. பனி மூடிய வெள்ளைத் தரையில் நடைபாதைகள் மட்டும் கறுத்து, நடு வட்டத்திலிருந்து நாலாபுறமும் நெளிந்து ஓடின. குறுக்கே கோபுரத்தின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது. வானமும் இல்லை, தொடுவானமும் இல்லை. கோணத்துக்கும் கோட்டுக்கும் மட்டுமே அந்தப் படத்தில் இடம் இருந்தது. கோபர்ன் அதற்கு ‘ஆக்டோபஸ்’ என்று பெயர் வைத்தார்.

இன்று ஒரு மென்பொருள் நிறுவனத்தின் லிஃப்ட் வாசலிலோ வங்கியின் கூட்ட அறையிலோ இப்படியொரு படம் தொங்குவது சாதாரணம். படிக்கட்டின் ஒரு வளைவு, வரிசையாக ஜன்னல்கள், சுண்ணாம்புச் சுவரில் விழுந்த கிராதி நிழல். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். உள்அலங்காரம் செய்தவர் மொத்தமாக வாங்கி மாட்டிய சரக்கு என்று நினைத்து ஊழியர்கள் கடந்துபோகிறார்கள். பல அலுவலகங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் படத்துக்கும் அது தொங்கும் சுவருக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு இருக்கிறது. அரூபப் புகைப்படக் கலைக்கு உயரம் கொடுத்தது அலுவலகக் கோபுரம். அதற்குச் சம்பளம் கொடுத்தது தொழிற்சாலை. கடைசியில் அதை வாங்கி மாட்டியது வங்கி. இந்தக் கொடுக்கல் வாங்கலில் கலைக்கு நன்மையும் நடந்தது, இழப்பும் நடந்தது.

கோபர்னுக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1915இல், அதே நகரத்தின் வால் ஸ்ட்ரீட்டில் பால் ஸ்ட்ராண்ட் என்ற புகைப்படக்காரர் நின்றுகொண்டிருந்தார். வயது சுமார் 25. எதிரே ஜே. பி. மார்கன் வங்கியின் கட்டடம். கட்டி முடித்து அதிக நாள் ஆகவில்லை. அதன் சுவரில் வரிசையாகப் பெரிய செவ்வகக் குழிவுகள், உள்ளே கறுத்த ஜன்னல்கள். கீழே காலை வெயிலில் ஆட்கள் வேலைக்கு விரைகிறார்கள். அவர்களுடைய நிழல்கள் அவர்களைவிட நீளம். ஸ்ட்ராண்ட் எடுத்த படத்தில் மனிதர்கள் எறும்புகள் அளவுக்கே இருக்கிறார்கள். முக்கால் பங்கு இடத்தையும் அந்தக் கறுப்புச் செவ்வகங்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஜன்னல்கள் தனக்குக் கெட்ட சகுனம்போலத் தோன்றியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஏழைக் குழந்தைகளின் உழைப்பைப் படமெடுத்துப் புகழ்பெற்ற லூயிஸ் ஹைனிடம் பள்ளியில் கேமரா பிடிக்கக் கற்றவர் ஸ்ட்ராண்ட். பண பலத்தின் எதிரே மனிதன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பதைச் சொல்ல அவருக்குச் சில கறுப்புச் செவ்வகங்கள் போதுமாயிருந்தன.

  

வால் ஸ்ட்ரீட் படத்தில் மனிதர்களாவது இருந்தார்கள். மறு ஆண்டு கோடையில் கனெடிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸ் என்ற இடத்தில் தங்கியிருந்தபோது ஸ்ட்ராண்ட் அவர்களையும் விட்டுவிட்டார். விடுமுறை வீட்டின் திண்ணை, ஒரு வட்ட மேசை, கிராதியின் நிழல். மேசையைச் சாய்த்து, கேமராவை நெருக்கிக் கொண்டுபோய் எடுத்ததில் மேசை மேசையாகத் தெரியவில்லை. கறுப்பு, வெள்ளைப் பட்டைகளாக மாறிப்போயிற்று. திண்ணை நிழல் எல்லா வீட்டிலும் விழுவதுதான். அதையே ஒரு முழுப் படமாக நிறுத்த முடியும் என்று காட்டியதுதான் புதுசு. ‘கேமரா வொர்க்’ இதழ் 1917இல் தன் கடைசி வெளியீட்டை ஸ்ட்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கியது.

அந்த 1917இலேயே பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுன் என்ற சிற்றூரில் சார்லஸ் ஷீலர் தன் வாடகை வீட்டின் உட்புறத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய கல்வீடு அது. வெள்ளையடித்த சுவர், மரப் படிக்கட்டின் அடிப்பக்கம், பாதி திறந்த கதவு, இரவில் கறுத்துத் தெரியும் கண்ணாடி ஜன்னல். பகல் வெளிச்சத்தை நம்பாமல் விளக்கு வைத்து எடுத்ததால் நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல விழுந்தன. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஒருவர் அந்த வீட்டின் வரைபடத்தைப் போட முடியாது. ஆனால் அந்த வீட்டின் எடையையும் அமைதியையும் உணர முடியும். அன்றாடக் கட்டடத்தின் அரூபப் படம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஷீலரை அடுத்து அழைத்தது ஃபோர்டு மோட்டார் நிறுவனம். 1927இல் மாடல் ஏ கார் வரப்போகிறது. விளம்பரப் பொறுப்பு என். டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்திடம். காரை மட்டும் காட்டினால் போதாது, அது பிறக்கும் இடத்தைக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. டெட்ராய்ட்டுக்கு அருகே ரிவர் ரூஜ் ஆலை. ஒரு பக்கம் இரும்புத் தாது உள்ளே போனால் மறுபக்கம் கார் வெளியே வரும் அளவுக்குப் பெரிய வளாகம். ஷீலர் அங்கே ஆறு வாரம் தங்கி, இறுதியில் 32 படங்களைக் கொடுத்தார். அவற்றில் பிரபலமானது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப்போகும் இரண்டு கன்வேயர் பாலங்களும் பின்னால் எழும் எட்டுப் புகைபோக்கிகளும். பல்லாயிரம் பேர் வேலை செய்த ஆலை; அந்தப் படத்தில் ஆலையின் எலும்புக்கூடுதான் இருக்கிறது, ஆட்கள் கண்ணில் படுவதில்லை.

இங்கே ஒரு திருப்பம் நடந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ராண்டின் படத்தில் மனிதர்கள் சிறுத்தது ஒரு குற்றச்சாட்டு. ஷீலரின் படத்தில் மனிதர்கள் மறைந்தது ஒரு பெருமிதம். இரண்டு படங்களிலும் கோடும் கோணமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அரூபப் படம் யாருக்காகப் பேசுகிறது என்பது அது யார் காசில் எடுக்கப்பட்டது, எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தும் அமைகிறது. நிறுவனங்களுக்கு இந்தக் கலை பிடித்துப்போனதற்கு இதுவே பெரிய காரணம் என்று சொல்லலாம். யாரையும் கோபப்படுத்தாத படம், எந்தக் கட்சியும் எந்த மதமும் இல்லாத படம், அதே நேரம் நவீனமான படம்.

சோவியத் ரஷ்யாவில் இந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. 1925இல் அலெக்ஸாண்டர் ரோட்செங்கோ மாஸ்கோவின் மியாஸ்னிட்ஸ்கயா தெருவில் தான் குடியிருந்த கட்டடத்தின் பால்கனிகளைத் தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தார். படத்தில் கட்டடம் ஓர் ஏணிபோலச் சாய்ந்து மேலே ஓடியது. மூன்றே ஆண்டில் ஒரு புகைப்பட இதழ் அவரை மேற்கத்தியக் கலைஞர்களைப் பார்த்து எடுப்பவர் என்று தாக்கியது. உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டவர் என்ற பழி அதற்குப் பிறகு அவரை விடவில்லை.

அமெரிக்காவில் 1932 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் சுவரோவியக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அப்போது ராக்ஃபெல்லர் சென்டர் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் சுவர்களை யார் நிரப்புவது என்ற கேள்வி ஊரெல்லாம் இருந்தது. ஓவியர்களோடு புகைப்படக்காரர்களையும் அழைத்தார்கள். ஷீலர் தன் ஃபோர்டு ஆலைப் படங்களை மூன்று பகுதிகளாக இணைத்துப் பெரிதாக்கி ‘தொழில்’ என்ற தலைப்பில் வைத்தார். அடுத்த ஆண்டே ராக்ஃபெல்லர் சென்டரில் என்.பி.சி. வானொலி நிலையத்தின் வட்டக் கூடத்துக்கு மார்கரெட் போர்க்-ஒயிட் ஒரு மாபெரும் புகைப்படச் சுவரை உருவாக்கினார். சுமார் 160 அடி நீளம். ஒலிபரப்புக் கருவிகள், மைக்குகள், வால்வுகள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாகி, கோபுரங்கள்போல நின்றன. சட்டத்துக்குள் அடங்கியிருந்த புகைப்படம் வேலையிடத்தின் சுவராகவே மாறிய தருணம் அது.

அடுத்த கட்டம் சிகாகோவில். ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்த லாஸ்லோ மொஹோலி-நாகி, பெர்லின் வானொலிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து தரையைப் படமெடுத்தவர், 1937இல் சிகாகோவில் ‘நியூ பௌஹவுஸ்’ பள்ளியைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் காசில்லாமல் மூடியாயிற்று. 1939இல் மீண்டும் திறந்தபோது கைகொடுத்தவர் கன்டெய்னர் கார்ப்பரேஷன் என்ற அட்டைப்பெட்டி நிறுவனத்தின் தலைவர் வால்டர் பெப்கே. அட்டைப்பெட்டி விற்ற பணம் ஒரு கலைப்பள்ளியைக் காப்பாற்றியது என்பது சாதாரணச் செய்தி இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் அரூபப் புகைப்படக்காரர்களில் பெரும்புள்ளிகள் பலர் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போனார்கள்.

அவர்களில் ஹாரி காலஹானைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டுக்காரர், கிரைஸ்லர் நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர். 1938இல் சொந்தமாகவே படமெடுக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கலைப் பள்ளிப் படிப்பு கிடையாது. 1946இல் மொஹோலி-நாகி அவரை ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். காலஹான் சிகாகோ தெருக்களில் வீட்டு முகப்புகளை நேருக்கு நேர் எடுத்தார். ஜன்னல்கள், தந்திக் கம்பிகள், செங்கல் வரிசை. எதையும் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு பொறுமை அந்தப் படங்களில் இருக்கிறது.

1951இல் அவரோடு வந்து சேர்ந்தவர் ஆரன் சிஸ்கின்ட். நியூயார்க்கில் ஹார்லெம் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்த குழுவில் இருந்தவர், 1940களில் உரிந்த பெயின்ட், கிழிந்த சுவரொட்டி, வெடித்த காரை என்று சுவர்களின் பக்கம் திரும்பினார். அவரும் அவருடைய மாணவர்களும் கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் கட்டிய சிகாகோ கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். அந்த மாணவர்களில் ரிச்சர்ட் நிக்கல் அந்த வேலையை விடவே இல்லை. சல்லிவனின் கட்டடங்கள் இடிபடத் தொடங்கியபோது கேமராவோடு போய், அலங்காரத் துண்டுகளையும் பெயர்த்துக் காப்பாற்றினார். 1972 ஏப்ரலில், இடித்துக்கொண்டிருந்த பழைய சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்துக்குள் அவர் போயிருந்தபோது தளம் சரிந்து இறந்துபோனார். பங்குச் சந்தையின் வணிகக் கூடம் இன்று சிகாகோ கலைக்கழகத்துக்குள் மறுபடி கட்டப்பட்டு நிற்கிறது.

காலஹானின் கதைக்குத் திரும்பினால், 1964இல் ஹால்மார்க் வாழ்த்து அட்டை நிறுவனம் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் திறந்த காட்சிக்கூடத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டன. அதையொட்டி அந்த நிறுவனம் அவருடைய 141 பிரதிகளை வாங்கியது. ஹால்மார்க்கின் புகைப்படச் சேகரிப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. கார் நிறுவனத்தின் குமாஸ்தாவாக இருந்தவரின் படங்கள் வேறொரு பெருநிறுவனத்தின் சொத்தாயின.

அந்தக் காலத்தில் அலுவலகக் கட்டடமும் மாறிக்கொண்டிருந்தது. 1952இல் லீவர் ஹவுஸ், 1958இல் சீக்ராம் என்று நியூயார்க்கில் கண்ணாடித் திரை போர்த்திய கோபுரங்கள் எழுந்தன. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால் படம் மாட்ட இடம் எங்கே? மிச்சமிருந்த கெட்டிச் சுவர் நடுவே லிஃப்டும் படிக்கட்டும் கழிப்பறையும் இருக்கும் மையப் பகுதியைச் சுற்றித்தான். 1960களில் அறைகளை எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகைகளால் பிரிக்கும் முறை வந்ததும் உள்சுவர்களும் குறைந்தன. லிஃப்ட் வாசல், தாழ்வாரம், வரவேற்பு, கூட்ட அறை ஆகிய இடங்களில் இப்போது படங்களைப் பார்க்கிறோமே, அதற்கு இந்தக் கட்டுமானமே காரணம். அங்கே யாரும் நின்று ரசிப்பதில்லை. லிஃப்டுக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் கண்ணில் படவேண்டும். கதை சொல்லும் படத்தைவிட வலுவான வடிவம் கொண்ட படம் அந்த அரை நிமிடத்துக்குப் பொருந்தியது.

வங்கிகள் பெரிய அளவில் இறங்கியது 1959இல். சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் டேவிட் ராக்ஃபெல்லர் ஒரு கலைத் திட்டத்தைத் தொடங்கி, நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஆல்ஃபிரட் பார் போன்றவர்களைத் தேர்வுக் குழுவில் உட்கார வைத்தார். 60 மாடிகள் கொண்ட புதிய தலைமையகம் 1961இல் தயாரானபோது சுவர்களுக்கு அரூப ஓவியங்கள் காத்திருந்தன. ஆனால் பெயர் பெற்ற ஓவியங்களை எல்லா நிறுவனங்களும் வாங்க முடியாது. புகைப்படம் அப்போது மலிவு. சிகாகோவின் எக்ஸ்சேஞ்ச் நேஷனல் வங்கி 1960களின் பிற்பகுதியில் புகைப்படங்களை மட்டுமே சேர்ப்பதென்று தீர்மானித்து, புகைப்பட வரலாற்றாசிரியர்களான போமன்ட் நியூஹால், நான்சி நியூஹால் தம்பதியை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டது. காசோலை மாற்ற வந்தவர்கள் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டிய படங்களை அங்கே பார்த்தார்கள். ஜெர்மனியில் டாய்ச்ச வங்கி 1970களின் இறுதியில் வேலையிடத்தில் கலை என்ற கொள்கையோடு தொடங்கியது. ஃபிராங்ஃபர்ட் இரட்டைக் கோபுரங்களுக்கு 1980களின் நடுவில் குடிபெயர்ந்தபோது ஒவ்வொரு மாடியையும் ஒரு கலைஞருக்கு ஒதுக்கியது. காகித ஓவியங்களும் புகைப்படங்களுமாக அதன் சேகரிப்பு 50,000ஐத் தாண்டியது.

இவர்களெல்லாம் வாங்கினார்கள். சீக்ராம் மதுபான நிறுவனம் வாங்கியதோடு நிற்கவில்லை, எடுக்கவும் வைத்தது. நிறுவனத் தலைவரின் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட். மீஸ் வான் டெர் ரோவைக் கட்டடக் கலைஞராகக் கொண்டுவந்து சீக்ராம் கோபுரத்தை நடத்திக் கட்டியவர். அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டையொட்டி, 1974 முதல் 1976 வரை, நாடெங்கும் உள்ள மாவட்ட நீதிமன்றக் கட்டடங்களைப் படமெடுக்க 24 புகைப்படக்காரர்களை அனுப்பினார்கள். ரிச்சர்ட் பேர் பொறுப்பாளர். ஸ்டீபன் ஷோர், ஃபிராங்க் கோல்கி, நிக்கோலஸ் நிக்சன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீதிமன்றங்கள் பதிவாயின. தூண், படிக்கட்டு, மணிக்கூண்டு, கடிகாரம், காத்திருக்கும் பெஞ்சு. எல்லா ஊரிலும் இருக்கிற, யாரும் நின்று பார்க்காத கட்டடங்கள். ஒரு நிறுவனம் தன் கட்டடத்தைப் பற்றிப் பெருமைப்படாமல் ஊர்க் கட்டடங்களைப் பதிவு செய்ய இவ்வளவு செலவு செய்தது அபூர்வம். படங்கள் 1978இல் புத்தகமாக வந்தன. ஆவணம் முழுவதும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் லூயிஸ் பால்ட்ஸ் வேறொரு வகைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அர்வைன் நகரை ஒட்டி முளைத்த புதிய தொழிற்பேட்டைகள். ஜன்னலே இல்லாத சுவர், ஓர் இரும்புக் கதவு, தார்ச்சாலை, வெட்டி நட்ட ஒரு செடி. உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பால்ட்ஸ் 1974இல் 51 படங்களாக அவற்றை வெளியிட்டார். ஸ்ட்ராண்டின் கறுப்பு ஜன்னல்கள் இங்கே இல்லாமலே போய்விட்டன; அச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது. மறு ஆண்டு ரோசெஸ்டர் நகரின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தில் நடந்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சியில் அவரும் ஷோரும் கோல்கியும் நிக்சனும், ஜெர்மனியிலிருந்து பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியும் ஒன்றாக இடம்பெற்றார்கள். தண்ணீர்த் தொட்டி, சுண்ணாம்புச் சூளை, நிலக்கரிச் சுரங்கக் கோபுரம் ஆகியவற்றை ஒரே கோணத்தில் வரிசையாக எடுத்த பெக்கர்களின் மாணவர்தான் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி. அவர் 1994இல் எடுத்த ஹாங்காங் ஷாங்காய் வங்கிப் படம் அலுவலகத்தையே கருப்பொருளாக்கியது. இரவில் ஒளிரும் மாடி மாடியான தளங்கள். கூர்ந்து பார்த்தால் உள்ளே மேசையில் ஆட்கள்.

இத்தாலியில் லூயிஜி கிர்ரி, நில அளவையாளராக இருந்து புகைப்படத்துக்கு வந்தவர், 1975 முதல் பத்து ஆண்டுகள் மராட்சி என்ற தரை ஓடு நிறுவனத்துக்காகப் படங்கள் எடுத்தார். ஓடுகள், அவற்றில் விழும் ஒளி, கட்டம் கட்டமான தரை. விற்பனைப் பட்டியலுக்கு எடுப்பதுபோல எடுக்கச் சொல்லி யாரும் அவரை நெருக்கவில்லை என்பது படங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு வழியில் போயிற்று. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் புகைப்படக்காரர் லூசியன் எர்வே, ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்தவர். 1949இல் மார்செய் நகரில் கொர்பூசியே கட்டிய குடியிருப்புக் கட்டடத்தை ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து அனுப்பி அவருடைய நம்பிக்கையைப் பெற்றார். அச்சிட்ட பிரதியைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேண்டாததை நீக்கி, ஒரு நிழலையும் ஒரு விளிம்பையும் மட்டும் மிச்சம் வைப்பது அவருடைய முறை. 1950களில், கொர்பூசியே வடிவமைத்த சண்டிகருக்கு வந்தார். 254 மீட்டர் நீளமுள்ள தலைமைச் செயலகம், ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் கோப்பு தூக்கிக்கொண்டு நடக்கும் கட்டடம், அவர் படங்களில் வெயிலும் கான்கிரீட்டும் போட்டுக்கொண்ட கணக்காக மாறியது.

அதே சண்டிகரையும் ஃபதேபூர் சிக்ரியையும் நஸ்ரீன் முகமதியும் படமெடுத்தார். 1937இல் கராச்சியில் பிறந்தவர். பரோடா நுண்கலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். தரைக்கல்லின் இணைப்பு, சுவர் முனை, சாலையில் போட்ட வெள்ளைக் கோடு, தறியில் நீளும் பாவு நூல். தன் கோட்டு ஓவியங்களுக்குப் பக்கத்தில் இந்தப் படங்களையும் சேர்த்துக்கொண்டே போனார். ஆனால் உயிரோடிருந்தவரை அவற்றைக் கண்காட்சியில் வைக்கவில்லை. 1990இல் காலமானார். 2016இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையான மெட் பிராயரைத் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்று அவருடையது. அன்றாடக் கட்டடத்தை அரூபமாகப் பார்த்த இந்தியர்களில் அவருக்கு நிகர் இல்லை. இங்கே எந்த வங்கியும் எந்தத் தலைமையகமும் அந்தப் படங்களைத் தேடிப் போய் மாட்டாதது பெரிய இழப்பு.

காரணம் இருக்கிறது. நம் நிறுவனங்களில் கலை வாங்கும் வழக்கம் ஓவியத்தோடு நின்றது. மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஹோமி பாபா விஞ்ஞானிகள் நடமாடும் சுவர்களுக்கு இந்திய நவீன ஓவியர்களின் படங்களைத் தேடித் தேடி வாங்கினார். ஏர் இந்தியாவும் அப்படியே. புகைப்படத்தைச் சுவருக்கு உரியதாக யாரும் எண்ணவில்லை. காலண்டருக்கும் ஆண்டறிக்கைக்கும் உரியதாக எண்ணினார்கள். மும்பையின் மித்தர் பேடி சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய்களையும் உருளைத் தொட்டிகளையும் ஷீலருக்குச் சளைக்காமல் எடுத்தார். அவை டிசம்பர் முடிந்ததும் கிழித்துப்போடும் தாள்களில் அச்சாயின. டெல்லியில் மதன் மகட்டா 1950கள் முதல் முப்பது ஆண்டுகள் புதிய கட்டடங்களைக் கட்டடக் கலைஞர்களுக்காகப் படமெடுத்தார். ராஜ் ரேவல் வடிவமைத்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக் கூடம் 1972இல் எழுந்தபோது அதன் கான்கிரீட் முக்கோணங்களை அவர் பிடித்த விதம் ஒரு பாடம். அந்தக் கட்டடத்தை 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். படங்கள் இருக்கின்றன.

நிறுவனச் சேகரிப்புகளுக்கும் ஆயுள் உண்டு. சீக்ராம் 2000இல் விவெண்டி என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குக் கைமாறியதும் மூன்றே ஆண்டில் அலுவலகச் சுவர்களில் இருந்த புகைப்படங்கள் ஏலத்துக்கு வந்து சிதறின. நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுக்கப்பட்ட நீதிமன்றப் படங்கள் மட்டும் தப்பின. போலராய்டு நிறுவனம் திவாலானபின் 2010இல் அதன் சேகரிப்பின் ஒரு பகுதி கடன்காரர்களுக்காக 1.25 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் வங்கியின் படங்கள் லாசால் வங்கிக்கும், 2007இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கும் போயின. மாறாக, கில்மன் காகித நிறுவனத்தின் 8,500 புகைப்படங்கள் 2005இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஹால்மார்க்கின் 6,500 படங்கள் அதன் சொந்த ஊரான கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாயின. காலஹானின் சிகாகோ ஜன்னல்களை யார் வேண்டுமானாலும் அங்கே போய்ப் பார்க்கலாம். ஹால்மார்க் செய்ததுதான் சரி. சீக்ராம் பெயரில் பிற்பாடு நடந்தது தவறு. அந்தப் படங்கள் பல ஆண்டுகள் ஊழியர்களின் அன்றாடத்தில் பங்கு வகித்தவை. அவற்றை நாற்காலி மேசையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஏலம் போகாமலே அழிவதும் உண்டு. மேசை வேலைக்கு 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். அருங்காட்சியகங்கள் வண்ணப் புகைப்படத்துக்கு அதைவிட மிகக் குறைந்த வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன. கண்ணாடிச் சுவரைப் பார்த்து மாட்டிய பழைய முறை வண்ணப் பிரதி சில ஆண்டுகளிலேயே வெளிறத் தொடங்கும். நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் பிரதி அதைவிட நீண்ட நாள் தாங்கும். இப்போதைய நிறமி மை அச்சும் தாங்கும். ஆனால் நேர் வெயில் எதையும் விடாது. மாட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது மேலாளரின் விருப்பத்தோடு முடியும் காரியம் இல்லை.

நம் ஊர் அலுவலகங்களின் சுவர்களில் நிறுவனர் படம் சந்தன மாலையோடு இருக்கிறது, சாமி படம் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது. அவை இருக்கட்டும். பக்கத்தில் மிச்சமுள்ள சுவருக்கு இணையத்தில் தரவிறக்கிய வெளிநாட்டுப் படிக்கட்டு வேண்டாம். சொந்த ஊரின் ரயில் நிலையத் தூண், தண்ணீர்த் தொட்டி, ஆலைக் கூரை, பழைய பேருந்து நிலையத்தின் நிழல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் விலை கொடுத்து வாங்குங்கள். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சட்டத்துக்குக் கீழே ஒரு சீட்டில் எடுத்தவர் பெயர், கட்டடம், ஊர், ஆண்டு நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.